அண்ணன் ஆதரவில்

"கைகால் நல்லா இருக்கிறவனுக்கெல்லாம் எதுக்கு உதவித்தொகை? நான் வரி கட்டுறேன், ஊர்ச் சோம்பேறி உட்கார்ந்து திங்கிறான்!"

சாப்பாட்டு மேசையில் அண்ணன் இரைந்துகொண்டிருந்தார். எதிரே அண்ணியின் தம்பி, பஸ் ஓட்டுகிறவர், விடுமுறைக்கு வந்திருந்தார். அண்ணனுடைய தங்கை பரிமாறிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக ஒரு விஷயத்தை அவள் நெஞ்சுக்குள் அடக்கி வைத்திருந்தாள்.

"நாளைக்கே எனக்குக் கால் போச்சுன்னா நானும் சோம்பேறியா மாமா?" என்றார் டிரைவர். "வரி நீங்க மட்டுமா கட்டுறீங்க? ஒரு சோப்பு வாங்கினா நானும்தான் கட்டுறேன்."

"அதுக்குத்தான் முன்கூட்டியே யோசிக்கணும் மாப்ள. இதோ, இவளைப் பாரு! புருஷன் போயி நாலு வருஷமாச்சு. யார்கிட்டயாவது கை நீட்டினாளா? பின்னறைக்கு வாடகை மாசம் தவறாம வந்துடும். தங்கச்சின்னு நான் சலுகை காட்டலை. பொறுப்பு வரணும்ல?"

போன வாரமாக இருந்தால் அவள் உச்சி குளிர்ந்திருப்பாள். இந்த வீட்டுக்குச் சமைத்துப் பரிமாறிவிட்டு, பின்னறைக்குப் போய்த் தன் அடுப்பில் தனக்கென்று பொங்கித் தின்பதைக்கூட அவள் கௌரவமாகத்தான் நினைத்திருந்தாள்.

அவள் பள்ளிச் சீருடைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பவள். கண்ணில் புரை விழுந்து, காஜா எல்லாம் கோணிப்போய், கம்பெனிக்காரர் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு கண்ணிலும் அறுவை செய்ய வேண்டும், ஆறு மாதம் ஊசியைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். வேறு வழியில்லாமல், அண்ணனுக்குத் தெரியாமல், விதவை உதவித்தொகைக்கு எழுதிப்போட்டாள். முந்தாநாள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"உங்களுக்குக் கிடைக்காதும்மா" என்றார் அங்கிருந்த பெண் குமாஸ்தா. "நீங்க அண்ணன் ஆதரவுல இருக்கீங்க. சாப்பாடு, துணி, வைத்தியம் எல்லாம் அவர் பாக்குறதா நாலு வருஷமா எழுதிக் குடுத்து வரியைக் குறைச்சுக்கிறார். இந்த முதல் தாள்ல இருக்கிறது உங்க கையெழுத்துதானே?"

அவளுடையதுதான். கணவன் செத்த மாதம், அழுத கண்ணோடு போட்டது. 'விலாசம் மாத்தணும், இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா' என்று அண்ணன் விரலால் இடம் காட்டினார். கூடப்பிறந்தவர் நீட்டிய தாளை யார் படித்துப் பார்க்கிறார்கள்? ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற வாய், வீட்டுக்குள்ளேயே கன்னம் வைத்துத் திருடியிருக்கிறது.

கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள்.

"அண்ணா, எனக்குக் கடைசியா எப்போ துணி எடுத்துக் குடுத்தீங்க?"

"என்னது?"

அலுவலகத்தில் கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். டிரைவர் வாயருகே கொண்டுபோன கையை இறக்கினார். அண்ணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"அது சும்மா தாள்ல எழுதுறதும்மா. எல்லாரும் செய்யறதுதான். அதுல உனக்கென்ன நஷ்டம்?"

"என் கண்ணு, அண்ணா."

அவர் குரல் இறங்கியது. "மெதுவாப் பேசு. இப்போ போயி இல்லைன்னு சொன்னா, நாலு வருஷ வரியையும் அபராதத்தோட கேப்பான். அண்ணனைத் தெருவுல நிறுத்துவியா?"

இந்த வாய்தான் சற்றுமுன் பொறுப்பைப் பற்றிப் பேசியது.

அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். நாலு வருஷத்தில் முதல் முறையாக அந்த மேசையில், அண்ணனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணி, எனக்கும் பரிமாறுங்க. நாலு வருஷமா இங்கதான் சாப்பிடுறேனாம், ஒரு வேளையாவது நிஜமா இருக்கட்டும்."

அண்ணி தயங்கித் தயங்கிக் கரண்டியை எடுத்தாள். தங்கை இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்துப் பிரித்து, டிரைவர் பக்கம் நகர்த்தினாள். தான் அண்ணன் ஆதரவில் இல்லை என்று எழுதிக்கொடுக்க அலுவலகத்தில் தந்த மறுப்புத் தாள். அவள் கையெழுத்து அதில் ஏற்கெனவே இருந்தது.

"சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணுமாம் தம்பி."

டிரைவர் மாமாவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"அவசரம் இல்லை" என்றாள் அவள். "முழுசாப் படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."