திரும்பி அளக்காத லெவல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வேலையிடத்தில் பாதி மரியாதையை அதை வைத்துத்தான் சம்பாதித்தேன். மீதி மில்லிமீட்டரில் வந்தது. "மில்லி சார் அளந்தா மறுபேச்சே இல்ல" என்பார்கள். வெட்கக்கேடு, இப்போது அதைச் சொல்லவே நாக்கு கூசுகிறது.

மலைமேல் போகும் பழைய ரயில் பாதையில் நாற்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். ஒவ்வொரு சரக்கு ரயிலையும் பின்னாலிருந்து இன்னோர் எஞ்சின் முக்கி முனகித் தள்ள வேண்டும். அந்த ஏற்றத்தை நூறுக்கு ஒன்றாகக் குறைக்கத்தான் மலையைக் குடைந்தோம். இரண்டு பக்கமிருந்தும் வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சேர வேண்டும். கீழ்ப்பக்கத்துத் தரை எந்த உயரத்தில் போக வேண்டுமென்று லெவல் எடுத்துச் சொல்வது என் பொறுப்பு. நான் கருவியில் பார்ப்பேன். எதிரே, துண்டு துண்டாக இழுத்து நீட்டும் அளவுகோலை நிமிர்த்திப் பிடிப்பவன் என் மனைவியின் தம்பி. அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். வாரத்துக்கு ஒரு முறையாவது அதைச் சொல்லிக் காட்டுவேன்.

உள்ளே போகும்போது எடுத்த லெவலை வெளியே வரும்போது மறுபடி எடுத்துச் சரிபார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் அந்த அளவு செல்லும். அன்றைக்கு மேலிருந்து தண்ணீர் சொட்டி முதுகெல்லாம் நனைந்திருந்தது. கீழே முழங்கால் அளவு சேறு.

"மாமா, கோலோட மேல்துண்டு சில நேரம் நழுவுது. கிளிப்பு தேஞ்சிருக்கு. திரும்பிப் போறப்ப நிதானமா பாத்துடலாம்," என்றான்.

"ஏண்டா, நேத்து வந்தவன் நீ, எனக்கே பாடம் எடுக்கிறியா? வாயை மூடிட்டு வா!"

திரும்பி அளக்கவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து, போகும்போது வந்த எண்களில் ஒன்றிரண்டு மில்லியை அங்கே கூட்டி, இங்கே குறைத்து, திரும்பி எடுத்த அளவு என்று லெவல் புத்தகத்தில் எழுதினேன். அச்சாக ஒத்துப்போனால் சந்தேகம் வருமாம், அதற்காக அந்த ஒன்றிரண்டு மில்லி! பெரிய மூளை. அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

அந்த எண்களை வைத்தே மேற்கொண்டு வெட்டிக்கொண்டு போனோம். எட்டு மாதம் கழித்து நடுப்பாறை உடைந்தது. கைதட்டல் பாதியில் நின்றது. எங்கள் பக்கத்துத் தரை நாற்பத்தைந்து சென்டிமீட்டர் தாழ்ந்து கிடந்தது. அதற்குள் வெட்டிய இடத்திலெல்லாம் கான்கிரீட் போட்டு முடித்தாயிற்று. வேறு வழியில்லாமல் நூற்றெண்பது மீட்டர் தூரத்துக்கு ஏற்றத்தை எண்பதுக்கு ஒன்றாகக் கூட்டி இரண்டையும் சேர்த்தார்கள். பாரம் ஏற்றிய சரக்கு ரயில் அங்கே நின்றுவிட்டால் தானாகக் கிளம்பாது. அதனால் பின்னால் தள்ளும் எஞ்சின் தொடரும் என்று உத்தரவு வந்தது. அதை நிறுத்தத்தானே இத்தனை பேர் மலைக்குள் கிடந்தோம்!

விசாரணையில் தலைமைப் பொறியாளர் என் மைத்துனனைத்தான் முதலில் கேட்டார். "திரும்பி அளந்தீங்களா?"

ஒரு வார்த்தை போதும், என் பிழைப்பு முடிந்தது.

"அளந்தோம் சார்," என்றான், என் பக்கம் திரும்பாமலே. "கோல் நழுவியிருக்கும். நான்தான் கவனிக்கல."

அவர் என் லெவல் புத்தகத்தைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "எழுதினா இப்படி எழுதணும். கோல் பிடிக்கிறவன் சொதப்பினா பாவம், இவர் என்ன பண்ணுவார்?"

என் முகத்தில் ஈயாடவில்லை. அப்போதாவது வாயைத் திறந்தேனா? ஊரையே அதட்டுகிற வாய், சமயத்தில் ஒட்டிக்கொண்டது. அன்று மாலையே அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

வாசலில் அவன் கையைப் பிடித்தேன். "ஏண்டா இப்படிச் சொன்னே?"

"அக்காவும் பிள்ளைங்களும் இருக்காங்க மாமா. நான் தனிக்கட்டை, எங்கயாவது பிழைச்சுக்குவேன்."

வீட்டுக்கு வந்தால், எங்களுக்கு முன்பே செய்தி வந்திருந்தது. என் மனைவி சோற்றுக் கரண்டியோடு நடுக்கூடத்துக்கு வந்து தம்பியைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"வேலை வாங்கிக் குடுத்த மனுஷனை இப்படித் தலைகுனிய வெச்சிட்டியே, உனக்கெல்லாம் சோறு ஒரு கேடா? இனிமே எந்த முகத்தோட அவர் அங்க போவார்? முதல்ல மாமாகிட்ட மன்னிப்புக் கேளுடா!"

பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்கள். அவன் என் முன்னால் வந்து நின்றான். இப்போதாவது சொல்லித் தொலைடா என்று எனக்குள் நானே அடித்துக்கொண்டேன்.

"மன்னிச்சிடுங்க மாமா."

"பரவாயில்ல, விடு," என்றேன்.