ஆண்டுக்கு ஒரு சாண்

பார்வலசை நெய்னா முகம்மது தம் ஒரே மகள் உம்மு ஹபீபாவுக்கு 1974இல் கட்டிக் கொடுத்த வீடு, மறு ஆண்டு அதே மாதத்தில் அளந்தபோது கடல் பக்கமாக ஒரு சாண் வளர்ந்திருந்தது. அளந்தவர் அதைக் கட்டிய கொத்தனாரே. நூலைத் தவறாகப் பிடித்துவிட்டோம் என்று நினைத்து இரண்டாம் முறையும் அளந்தார். பிறகு நூலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, இந்த வீட்டு வேலைக்கு இனி என்னைக் கூப்பிட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். காரணம் ஊருக்கே தெரியும். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் தகப்பன் வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ வேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். தீவுகளை ஒட்டிக் கடலுக்கடியில் கிடக்கும் பவளப்பாறையைக் கடப்பாரையால் பெயர்த்து வள்ளத்தில் கொண்டுவந்து, ஒரு மழைக்காலம் முழுக்க வெட்டவெளியில் போட்டு, உப்பும் உயிரும் போன பிறகுதான் சுவருக்கு எடுப்பார்கள். நெய்னா முகம்மது அந்தக் கல்லை விற்றே பெரிய மனிதரானவர். ஊரில் பாதி வீடு அவர் கொடுத்த கல். ஆனால் மாப்பிள்ளை துபாய்க்குக் கப்பலேறும் நாள் நெருங்கிவிட்டதால், சொந்த மகளின் வீட்டுக்குத் தெற்குச் சுவரை மட்டும் அன்று காலை இறங்கிய ஈரக்கல்லை வைத்து எழுப்பச் சொல்லிவிட்டார். சுவர் உயிரோடு எழும்பியது.

அதன் பிறகு தெற்கு மூலைகள் இரண்டிலிருந்தும் ஆண்டுக்கு ஒரு சாண் வீதம் சுவர் நீண்டது. இளஞ்சிவப்பும் தவிட்டு நிறமுமாக இருந்தது. கடல் பெருகும்போது ஈரம் கோத்து, வற்றும்போது காய்ந்தது. பொடி நண்டுகள் குடிவந்தன. நெய்னா முகம்மது ஒருநாள் சுவரில் காது வைத்துக் கேட்டார். மறுநாளே கடப்பாரைகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் பலசரக்குக் கடை வைத்தார். 1986இல் அரசு தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது மற்ற கல் வியாபாரிகள் ராமநாதபுரத்துக்கு மனு கொண்டு போனார்கள். அவர் கடையில் உட்கார்ந்து புளி நிறுத்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு மௌத்தாகி அடக்கமானார். பதினான்கு சாண் ஆனதும், யாரும் சொல்லாமலே இரண்டு சுவர்களும் ஒன்றை நோக்கி ஒன்று திரும்பின. நடுவில் ஓர் அறை உருவாகிறது என்பது உம்மு ஹபீபாவுக்கு அப்போது புரிந்தது. மகள் சபியாவுக்கு அப்போது ஐந்து வயது.

இரண்டு ஆண்டுக்கொரு முறை வந்துபோன உம்மு ஹபீபாவின் கணவர் 1996இல் துபாயிலேயே மௌத்தானார். வேறு மனை கிடையாது. இருக்கும் மனையிலும் கடலோரச் சட்டத்தின்படி புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது. ஆனால் தானாக வளர்வதைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. எனவே சபியாவின் கல்யாணம் முழுக்க அந்தச் சுவரை நம்பியே இருந்தது. 2002இல் அதே தெருக் கோடியில் இருந்த நூர் நிஷாவின் மகன் முஹைதீனுக்குப் பேச்சு முடிந்தபோது, இரண்டு சுவர்களுக்கும் நடுவே பன்னிரண்டு சாண் இடைவெளி இருந்தது. வாசலுக்கு நான்கு சாண் போக மீதி எட்டு. இரண்டு பக்கமும் வளர்ந்தால் நான்கு வருஷம். அதற்கு முஹைதீன் சம்மதித்தான். வீடு பார்க்க வந்த நூர் நிஷாதான் மூக்கைச் சுளித்தாள்.

"மைனி, இது கல்யாண வீடா, நண்டு வளையா? ஒரு வெள்ளையாச்சும் அடிக்கப்படாதா?"

அந்த ஒரு சொல் உம்மு ஹபீபாவைத் தூங்கவிடவில்லை. வாப்பா காலத்தில் சுட்ட பழைய சுண்ணாம்பு ஒரு சால் நிறைய இருந்தது. அதைக் கரைத்து, தானே மட்டையைப் பிடித்து, மூலை முடுக்கு விடாமல் இரண்டு பூச்சு அடித்தாள். எட்டாம் நாள் நண்டுகள் வரிசையாக வாசல் வழியே இறங்கிக் கடலுக்குப் போயின. கடல் பெருகும்போதும் சுவர் ஈரம் கோக்கவில்லை. முந்திய ஆண்டுதான் அரசு பவளத்தைப் புலிக்கும் யானைக்கும் சமமான பட்டியலில் சேர்த்திருந்தது. ஆகவே வனக்காவலர் மருதுபாண்டி சைக்கிளில் வந்து இறங்கினார்.

"யாரும்மா இதுக்குச் சுண்ணாம்பு பூசுனது?"

"நாந்தான் தம்பி."

"எதச் சுட்ட சுண்ணாம்பு?"

பவளப் பார்க்கல்லைச் சுட்ட சுண்ணாம்பு. கல் வியாபாரி மகளுக்கு அது தெரியாததல்ல. அந்த நேரம் தோன்றாமல் போயிற்று. அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். "சொந்தக்காரங்க எலும்ப அரைச்சு இதோட மூஞ்சியிலயே பூசிட்டேனே தம்பி" என்றாள்.

நூர் நிஷாவுக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை. "நாலு ஹாலோபிளாக்க வச்சு அடைச்சா முடிஞ்சிச்சு. அதுக்கா இம்புட்டு?"

"சிமெண்டுத் தண்ணி பட்டா இருக்க உசுரும் போயிரும்மா" என்றார் மருதுபாண்டி. "புலியச் சுட்டாலும் இதக் கொன்னாலும் ஒரே சட்டம்."

"அப்ப எம் மவன் புலி வீட்டுக்கா மாப்பிள்ளையா வாரான்?"

கல்யாணம் நின்றது. உம்மு ஹபீபா தேங்காய் நாரால் சுவரை விரற்கடை விரற்கடையாகத் தேய்த்துச் சுண்ணாம்பை எடுத்தாள். கடல் வற்றும் நேரமெல்லாம் உப்புத் தண்ணீர் ஊற்றினாள். மதில் ஓரமாக ஓடிய தெருச் சாக்கடையில் சோப்பு நுரை வந்தபோதெல்லாம் சுவர் இன்னும் வெளுப்பதைக் கண்டு, தன் வீட்டுப் பாத்திரங்களைச் சாம்பலுக்கு மாற்றி, குளிக்கிற தண்ணீரை வாழைக்குத் திருப்பினாள். காற்றில் வந்து சுவரில் ஒட்டும் கேரி பைகளைத் தினமும் காலையில் பொறுக்கினாள். பிறகு தெருவில் பத்தொன்பது வீட்டுப் படியும் ஏறி, உங்கள் சோப்புத் தண்ணியை உங்கள் தென்னைக்கு விடுங்கள் என்று கேட்டாள். சிரித்தவர்கள் உண்டு. ஆனால் ஒரு பெண்ணின் கல்யாணம் என்பதால் கேட்காதவர்கள் இல்லை. ஒரே ஒரு வீட்டு நுரை மட்டும் நிற்கவில்லை. அது நூர் நிஷா வீடு. அந்த வீட்டு முஹைதீனோ தினமும் இரண்டு குடம் கடல் தண்ணீரைக் கொல்லை வாசலில் இறக்கிவிட்டு, நிமிர்ந்து பாராமல் போனான். காலிக் குடத்தில் ஒருநாள் தொதல் அல்வாத் துண்டு இருந்தது. யார் வைத்தது என்று உம்மு ஹபீபா விசாரிக்கவில்லை.

வேறு இடத்தில் பெண் பார்த்தபோது முஹைதீன் மாட்டேன் என்றான். ஒரு நண்பகலில் நூர் நிஷாவே சண்டை போட வந்தாள். பேசப் பேசச் சுவரில் கையை ஊன்றியவள், சட்டென்று பேச்சை நிறுத்தினாள். பல் முளைக்காத பிள்ளையின் வாய்க்குள் விரல் வைத்தது போல் இருந்தது. மென்மையாக ஒரு கவ்வல். அவள் கையை எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"பசிக்குது போல மைனி" என்றாள்.

மறுநாள் சாக்கடையில் நுரை இல்லை. சுவர் 2004 ஐப்பசியில் மீண்டும் ஈரம் கோத்தது, நண்டுகள் திரும்பின. அந்த ஆண்டே பஞ்சாயத்து சாக்கடையைக் கடலுக்கு விடாமல் உறிஞ்சுகுழிக்குத் திருப்பத் தீர்மானம் போட்டது. கடைகள் மீனை ஓலைக் கொட்டானில் கட்டித் தந்தன. இடைவெளியில் வேப்பமர வாசல் நிலையை நிறுத்தி வைத்தார்கள். 2008இல் இரு பக்கச் சுவரும் வந்து அதைப் பிடித்துக்கொண்டன. மேலே ஓடு வேய்ந்து நிக்காஹ் நடந்தது. மருதுபாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து விருந்து சாப்பிட்டார். இருபத்தொரு தீவுகளையும் கணக்கெடுக்கும் பதிவேட்டில் இருபத்திரண்டாவதாக அந்த அறையையும் எழுதிக்கொண்டார். மேலதிகாரி கேள்வி கேட்காமல் கையெழுத்திட்டார்.

2009 ஆடியில் சபியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நாற்பதாம் நாள் காலையில் துணி காயப்போட வந்த உம்மு ஹபீபா, புது அறையின் தெற்கு மூலைகள் இரண்டும் கடலைப் பார்த்து ஒரு விரற்கடை புடைத்திருப்பதைக் கண்டாள். ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கொடிக்கயிற்றை அவிழ்த்து, இருபது அடி தள்ளிக் கட்டினாள்.