பெயர் சொல்லாத நாட்டியம்

முதல் வரிசையில் இடப்பக்கம் கஸ்தூரிரங்கன், அவர் மனைவி ரங்கநாயகி, மகன் பார்த்தசாரதி. அதே வரிசையில் வலப்பக்க ஓரம் எல்லம்மாள், அவள் மகன் ஏசுதாஸ். மேடையில் இரண்டு பெண்கள்: பார்த்தசாரதியின் மகள் சாருலதா, ஏசுதாஸின் மகள் ஜாக்குலின். பின்னால் நாற்காலிகளில் இருநூறு பேர் இருந்திருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் எல்லம்மாள் தெருவிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தவர்கள். அன்று மாலை மாமல்லபுரம் அரங்கில் இருந்தவர்கள் இவ்வளவுதான். இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள்.

கஸ்தூரிரங்கன் செங்கல்பட்டில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்து நிலத்தையும், விற்கும்வரை, அவரேதான் பார்த்துக்கொண்டார். எல்லம்மாள் அந்த நிலத்தில் நடவு நட்டவள். பேத்திகள் இருவரும் நாவலூரில் ஒரே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, நாட்டியத்தால் சிநேகமானவர்கள்.

மூன்று வாரம் முன்பு சாருலதா வீட்டுக்கு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"சமூக நீதிக்காக ஒரு நாட்டியம் பண்றோம் தாத்தா. வயல்ல வேலை செய்யறச்சே தாகத்துக்குத் தண்ணி கேட்ட ஒருத்தியோட கதை. உண்மையா நடந்தது."

எங்கே நடந்தது என்று அவர் கேட்கவில்லை. "நம்ம பேர் வரப்படாது," என்றார்.

"வராது."

"ஊர் பேர்?"

"அதுவும் வராது. சத்தியம் தாத்தா."

சத்தியம் மட்டும் போதாதென்று, பாட்டு எழுதிய தாளை வாங்கி, சிவப்பு மையில் 'மிராசுதார்' என்ற சொல்லை இரண்டு இடத்தில் அடித்தார். 'பெரியவர்' என்பதையும் அடித்தார். அதன் பிறகுதான், நிகழ்ச்சி முடிவில் பொன்னாடை போர்த்த வருவதற்குச் சம்மதித்தார். வராமல் இருந்தால் அதற்கும் ஒரு காரணம் கற்பிப்பார்கள். தாளில் இல்லாதது மேடையில் வராது என்று நம்பினார். வாழ்நாள் முழுவதும் தாளையே நம்பியவர்.

நாட்டியம் தொடங்கியது. சாருலதா நடவு நடுகிறவளாக வந்தாள். தன் பேத்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து நிற்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேர் வரவில்லை, அது போதும்.

அப்புறம் ஜாக்குலின் வந்தாள். வெள்ளை வேட்டி, மேலே அங்கவஸ்திரம். வலது தோள் ஒரு விரற்கடை உயர்ந்திருந்தது. இடது கை பின்புறம் வேட்டி நுனியைப் பிடித்திருந்தது. மூன்றடி நடந்தாள், நின்றாள், மோவாயைத் தூக்கி வானத்தை ஒரு பார்வை பார்த்தாள், நாக்கை 'ச்' என்று தட்டினாள், மறுபடி மூன்றடி.

முதலில் சிரித்தது ரங்கநாயகி. சட்டென்று புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிக்கொண்டாள். ஆனால் ஐம்பத்திரண்டு வருஷம் கூடக் குடித்தனம் செய்தவளின் சிரிப்பு அது. வேறு சாட்சி வேண்டியதில்லை. பார்த்தசாரதி தலையைக் குனிந்து கைப்பேசியைப் பார்த்தான்.

எல்லம்மாளின் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது. "தோள இன்னும் தூக்குடி! எத்தினி தபா சொன்னேன்!"

"யம்மா, சும்மா இரும்மா," என்றான் ஏசுதாஸ். கல்பாக்கத்தில் வேலை பார்க்கிறவன். நாலு பேர் நடுவில் சத்தம் போடக் கூசுகிறவன்.

"இன்னாடா சும்மா? நான் ஆடுனா இத்தவிட சோக்கா இருக்கும்."

பின் வரிசையிலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள்: "யக்கா, எங்க வூட்டு மஞ்ச தண்ணிக்கு நீ ஆடுனியே, அதே நடதான் இது! அன்னிக்கு சிரிச்சி சிரிச்சி வவுத்த புடிச்சிகினு படுத்துட்டேன்!"

கஸ்தூரிரங்கனுக்குப் புரிந்தது. நாற்பது வருஷமாக ஒவ்வொரு கல்யாணத்திலும் காதுகுத்திலும் அந்தத் தெருவில் அவர் நடந்துகொண்டிருந்திருக்கிறார். வரப்பில் அவர் வரும்போது குனிந்த தலைகளெல்லாம் மரியாதைக்குக் குனிந்தவை என்றே எண்ணியிருந்தார். சிரிப்பை மறைக்கக் குனிந்தவையும் அதில் இருந்திருக்கின்றன.

மேடையில் நடவுக்காரி தண்ணீர் கேட்டாள். ஜாக்குலின் சொம்பைத் தரையில் வைத்தாள். இடது கால் கட்டைவிரலால் அவள் பக்கம் தள்ளினாள். இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தார்கள்.

பார்த்தசாரதி காதோரம் வந்தான். "அப்பா, போகாதேங்கோ. முடியலைன்னு சொல்லிடறேன்."

"எனக்கு என்ன முடியலை?" எழுந்துகொண்டார்.

நாற்காலியிலிருந்து படி வரை பதினைந்து அடி தூரம். வலது தோளைத் தாழ்த்தினார். இடது தோள் ஏறிக்கொண்டது. கையை வேட்டியிலிருந்து எடுத்தார். அது போக இடம் தெரியாமல் தொங்கியது. மூன்றாவது அடியில் நிற்கக் கூடாது என்று எண்ணிக்கொண்டே போனவர், மூன்றாவது அடியில் நின்றார். "அந்தத் தாத்தா அந்தக்கா மாதிரியே நடக்குது!" என்று ஒரு குழந்தை கத்தியது. அப்போது கிளம்பிய சிரிப்பு அவர் படியேறி முடிக்கும்வரை ஓயவில்லை.

சாருலதாவுக்குப் போர்த்தினார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்து ஜாக்குலின். வேட்டியோடு நேராக நின்று இரண்டு கையையும் நீட்டினாள். அவர் பொன்னாடையை, மேலே படாமல், உயரத்திலிருந்து அவள் கையில் விட்டார். வழுக்கும் துணி. கையில் நிற்காமல் இருவருக்கும் நடுவே விழுந்தது. குனிந்து எடுக்கலாம் என்று நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் அவர் வலது கால் கட்டைவிரல் அதை அவள் பக்கம் தள்ளிவிட்டது.

எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். இதுவும் நாட்டியத்தில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். எல்லம்மாள் மட்டும் தட்டவில்லை.

ஜாக்குலின் குனியவில்லை. அவர் காலையே பார்த்தாள். "வலது காலுங்களா ஐயா?" என்றாள் மெதுவாக. "நான் எடதுன்னு நெனச்சிகினு ஆடிட்டேன். அடுத்த தபா மாத்திக்கிறேன்."

மறுநாள் அந்தக் காட்சி கைப்பேசி கைப்பேசியாகப் போயிற்று. தள்ளாத வயதில் ஒரு பெரியவர் தன்னையே வைத்துக் காட்டி மன்னிப்புக் கேட்ட அழகு என்று எழுதினார்கள். பழைய மாணவர்கள் கூப்பிட்டுப் பாராட்டினார்கள்.

"தப்பிச்சோம்ப்பா," என்றான் பார்த்தசாரதி. "ஒத்திகை பார்த்துத்தான் பண்ணினேள்னு சாரு சொல்லிடறாளாம். நீங்க வாயைத் திறக்காம இருந்தா போறும்."

"நம்மாத்து ஆம்பளை வேஷம் கட்டிண்டு மேடையில கூத்தாடினான்னு பேர் வரணுமா?"

"அந்தப் பொண்ணுக்குப் போட வேண்டியதைக் காலால தள்ளினேள்ங்கறதுக்கு அது தேவலையேப்பா!"

அவர் விழா நடத்தியவர்களைத் தானே தொலைபேசியில் அழைத்தார். ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு வைத்தார்.

ஆகவே, கஸ்தூரிரங்கன் தன் பேத்தியின் நாட்டியத்தில் வேஷம் ஏற்றார் என்று செங்கல்பட்டிலிருந்து கோவளம் வரை சொல்லிக்கொண்டிருப்பது உண்மையல்ல. அவர் நடிக்கவில்லை.