நாற்பதாவது வரி

தனியாக வாழும் நாற்பது பேரோடு எங்கள் நிறுவன ஊழியர்கள் வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசுவார்கள் என்று மேலாளர் பேனரே அடித்து மாட்டிவிட்டார். ஆள் தேடும் வேலை, நற்பணிப் பிரிவில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கும் என் தலையில் விழுந்தது. அலையாய் அலைந்தும் முப்பத்தொன்பதுக்கு மேல் கிடைக்கவில்லை. பேனரைத் திருத்த முடியாது என்றார் அவர். எரிச்சலில் பட்டியலின் நாற்பதாவது வரியில் என் கைபேசி எண்ணையே எழுதினேன். பெயரை மட்டும் மாற்றினேன். ‘வயது ஐம்பத்தாறு, கணவர் இல்லை, தனியாக வசிக்கிறார்’ என்பதில் பொய் எதுவும் இல்லை.

புதன்கிழமை மாலை அழைப்பு வந்தது. வேறு ஊர்க் கிளையில் பெட்டிகளுக்கு லேபிள் எழுதி ஒட்டுகிறவர். எடுத்த எடுப்பிலேயே அம்மா என்றார். அவருக்கே நாற்பது தாண்டிய குரல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் எழுதிக் கொடுத்த கேள்விகளையே வரிசை மாறாமல் என்னிடம் கேட்டார். வீட்டில் ஏதும் சிரமமா என்றபோது, சமையலறை பல்பு போய்விட்டது, முட்டிவலியோடு ஸ்டூலில் ஏற முடியவில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். அது உண்மைதான்.

அடுத்த புதன், கேள்வித் தாளுக்குப் போகும் முன்பே பல்பைப் பற்றிக் கேட்டார். அந்தக் கேள்வி என் தாளில் இல்லை. வாசல் காவலாளியைக் கூப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை. நான் கூப்பிடவே இல்லை. கூடத்து வெளிச்சத்திலேயே மூன்று மாதம் சமைத்தேன். மாற்றிவிட்டால் அவர் கேட்க என்ன இருக்கும்? சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, புதன்கிழமையை நம்பித்தான் மற்ற ஆறு நாளையும் ஓட்டினேன்.

மூன்று மாதத் திட்டத்தின் கடைசி வாரத்துக்கு ஒரு விதி இருந்தது. பேச வேறு யாரும் இல்லை என்பவர்களுக்கு இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பு. ஆனால் மேலாளரே புகைப்படக்காரரோடு வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார். விதியை எழுதியவளும் நான்தான்.

“பல்பு மாத்தியாச்சாம்மா?”

“இன்னும் இல்ல தம்பி.”

தாளில் இருந்த கடைசிக் கேள்வியைப் படித்தார். “பேசறதுக்கு வேற யாராச்சும் இருக்காங்களா?”

இல்லை என்று சொல்லத் தொண்டை வரைக்கும் வந்தது. மேலாளர் கேமராவோடு என் வாசலில் நிற்பதை நினைத்ததும் உள்ளே போய்விட்டது.

“இருக்காங்க. நிறைய பேர் இருக்காங்க.”

“சரிம்மா. உடம்பப் பாத்துக்கங்க.” அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை நாற்பது தாள்களும் சரிபார்க்க என் மேசைக்கு வந்தன. கடைசித் தாளில் ‘இருக்கிறார்கள்’ கட்டத்தில் டிக் அடித்திருந்தது. கீழே குறிப்புக்கு விட்ட இடத்தில், லேபிள் எழுதிப் பழகிய கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: ‘இந்தம்மா பொய் சொல்றாங்க. ஒரு பல்பு மாத்திக் குடுக்கக்கூட ஆள் இல்ல. ஆபீஸ்ல இருந்து யாராவது போய்ப் பாருங்க.’

ஆபீஸில் அந்தத் தாளைப் பார்க்கிறவள் நான் ஒருத்திதான். இரண்டு முறை படித்தேன். பிறகு ‘சரிபார்க்கப்பட்டது’ என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டேன்.