இடம் பிடித்தவர்

அலுவலகத்துக்குப் போகும் மின்சார ரயிலில் நான் தினமும் கண்மூடி இறைவனுக்கு நன்றி சொல்வேன். கிடைத்த ஒவ்வொன்றையும் அவன் தந்ததாக எண்ணி மனதுக்குள் வணங்கச் சொல்கிறது வேதம் என்று கோயில் சொற்பொழிவில் கேட்டதிலிருந்து இந்தப் பழக்கம்.

திருநின்றவூரில் நான் ஏறும்போது பெண்கள் பெட்டியில் நிற்கத்தான் முடியும். ஆனால் திருவள்ளூரிலிருந்து வரும் குப்பம்மா அக்கா, பக்கத்து இருக்கையில் தன் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பார்.

இன்று ஆவடியில் கண் திறந்தபோது அவர் எனக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். கணுக்காலில் கட்டுப் போட்டிருந்தது. அவருடைய இடத்தில் ஒரு கர்ப்பிணி உட்கார்ந்திருந்தாள்.

பதறி எழுந்தேன். "என்னை எழுப்பியிருக்கலாமேக்கா."

"நீ சாமி கும்பிட்டுகினு இருந்த. அதான் உட்டுட்டேன். இன்னா வேண்டிக்கின?"

"வேண்டிக்கல. நன்றி சொன்னேன்."

"இன்னாத்துக்கு?"

"உக்கார எடம் கெடச்சதுக்கு."

அக்கா சிரித்துவிட்டார். "அடிப்பாவி, எடம் புடிச்சது நானு. தேங்க்ஸ் அவருக்கா?"

சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர் எனக்கு இடம் பிடித்துவந்த இந்த எட்டு மாதத்தில் ஒரு நாளும் அவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் உட்கார்ந்ததும் சொல்லிவிட நினைத்தேன். மனதுக்குள் அத்தனை சரளமாக வருவது, அவர் முகத்தைப் பார்த்ததும் "கால்ல என்னாச்சுக்கா?" என்றுதான் வந்தது.

அம்பத்தூரில் அவர் நொண்டியபடி இறங்கிப் போனார். காலியான இடத்தில் உட்கார எனக்குக் கூசியது.