மேல் ஜன்னல்

இஞ்சினியர் ஆபீஸில் படம் வரைகிற மூத்தவளுக்கு அன்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேஜைக்கு வந்திருந்தது தங்கை படிக்கிற பள்ளியின் புது வகுப்பறை வேலை.

தங்கைக்கு வீட்டில் கொக்கு என்று பேர். நெடுநெடுவென்று வளர்ந்ததால் கடைசி பெஞ்சு. "முன்னால உக்காந்தா மத்த பிள்ளைங்களுக்கு நீதான்டி போர்டு" என்று டீச்சர் துரத்திவிட்டார். மங்கலில் அவளுக்குக் கண் தெரியாது. கண்ணாடி போட்டும் பிரயோசனமில்லை, நல்ல வெளிச்சம் வேண்டும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இந்த வருஷப் பரீட்சையிலும் தேறாவிட்டால் டி.சி.தான் என்று தலைமை ஆசிரியை சொல்லியாகிவிட்டது.

மூத்தவள் ஜன்னலை இரண்டாகப் பிரித்து வரைந்தாள். கீழே வழக்கமான ஜன்னல். அதன் தலைக்கு மேல் அறைக்குள் இரண்டடி நீட்டிய வெள்ளைப் பலகம். அதற்கும் மேலே, கூரை வரை கண்ணாடி. வெயில் பலகத்தில் விழுந்து, கூரையில் தெறித்து, கடைசி பெஞ்சு வரை போய்ச் சேரும். அட்டைப்பெட்டியில் அப்படியே செய்து மொட்டைமாடியில் வைத்தாள். கொக்கு உள்ளே எட்டிப் பார்த்து, கடைசிச் சுவரில் ஒட்டியிருந்த பொடி எழுத்தைக் கடகடவென்று படித்தாள்.

பலகம் எதற்கென்று மட்டும் படத்தில் எழுதவில்லை. எழுதினால், "இந்த வேலையெல்லாம் நமக்கு எதுக்கும்மா?" என்று இஞ்சினியர் அதைக் கோடு போட்டு அடித்துவிடுவார். மேல் ஜன்னல் அவர் கண்ணில் படாமலே படம் கையெழுத்தாகிவிட்டது.

திறப்பு நாளன்று கொக்கைக் கூட்டிக்கொண்டு போனாள். பெயின்ட் வாசனை அடித்தது. பலகம் இருந்தது. மேலே வெறும் சுவர்.

மேஸ்திரி சிரித்துக்கொண்டே வந்தார். "பாத்தியாம்மா, பரண் எப்படி வந்திருக்கு?"

"மேல் ஜன்னல் எங்க மேஸ்திரி?"

"பரணுக்கு எவனாச்சும் ஜன்னல் வைப்பானா? மழை அடிச்சா சாமானெல்லாம் ஊறிடாது? தெரியாம போட்டுட்டே போலன்னு நானே அடைச்சிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. உன் பேரு கெடக்கூடாதில்ல!"

திட்டவும் வாய் வரவில்லை. அவர் நல்ல மனசோடு செய்தது அது. இஞ்சினியரிடம் ஓடினாள்.

"பூசின சுவரை உடைக்கிறதா? வெளிச்சத்துக்குன்னு படத்துல எங்கயாவது எழுதியிருக்கியாம்மா?"

எழுதவில்லை.

அதற்குள் தலைமை ஆசிரியை பழைய விடைத்தாள் கட்டுகளைப் பரணில் ஏற்றத் தொடங்கியிருந்தார். "இவ்ளோ இடம் எந்த ஸ்கூல்ல இருக்கு, சொல்லு!"

கொக்கு கடைசி பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். கரும்பலகை முழுக்க நல்வரவு என்று எழுதி, சுற்றிலும் பூ வரைந்திருந்தார்கள்.

"போர்டு தெரியுதாடி?"

"தெரியுதுக்கா. இன்னும் யாரும் ஒண்ணும் எழுதல, அவ்வளவுதான்."

பரீட்சை முடிந்து டி.சி. வாங்க மூத்தவள்தான் போனாள். அந்த வருஷத்துக் கட்டும் பரணில் ஏறிவிட்டிருந்தது. கொக்கின் விடைத்தாளும் அதற்குள்தான் இருக்க வேண்டும்.