ஆட்சிக்குழுவுக்கு ஒரு கப் டீ

வக்கீல் தன் மனைவி டீச்சரிடம் கடைசியாகப் பேசியது சர்க்கரையைப் பற்றித்தான்.

"டீச்சரம்மா, நாலு மணிக்கு ஆள் வருது. பல் டாக்டராம். சர்க்கரை போட்டுடாதே."

"இத்தனை வருஷத்துல என்னிக்காவது போட்டிருக்கேனா? எனக்கே பாடம் எடுக்கிறீங்களே."

"சரி, சரி. அதுக்குள்ள முடி வெட்டிக்கிட்டு வந்துடறேன். பல்லுதான் கையை விட்டுப் போயிடுச்சு, தலையாவது ஒழுங்கா இருக்கட்டும்."

வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை உண்டு. ஒரு பாதியில் 'உள்ளே', மறுபாதியில் 'வெளியே'. நடுவில் ஒரு தள்ளுகட்டை. கட்சிக்காரர்களுக்காக மாட்டியது. கோர்ட்டுக்குப் போவதை விட்ட பிறகும் அவர் அதை விடவில்லை. வழக்கம்போல் கட்டையைத் தள்ளி 'வெளியே' என்று வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

முடிதிருத்தும் கடை நாற்காலியில், ஒரு பக்கம் வெட்டி முடித்து மறுபக்கம் தொடங்கும் முன், கண்ணாடியைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். கடைக்காரர் நல்ல மனிதர். ஆம்புலன்ஸ் வருவதற்குள் மறுபக்கத்தையும் வெட்டி முடித்துவிட்டார். "வக்கீல் சாரை அரைகுறையா வீட்டுக்கு அனுப்ப மனசு வரலம்மா" என்று அவர் பிறகு வந்து சொன்னபோது, தான் அழுதோமா சிரித்தோமா என்று டீச்சருக்கே தெரியவில்லை.

செய்தி வந்த நேரத்தில் அவள் டீயை வடிகட்டி ஃப்ளாஸ்கில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அதன்பின் ஃப்ளாஸ்க்கை மறந்துபோனாள். வீடு நிறைய ஆட்கள் வந்ததும், எதிர்வீட்டுக்காரி அதைக் கண்டெடுத்து, தண்ணீரும் பாலும் சேர்த்துப் பெருக்கி, வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தாள். துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கப்பைக் கீழே வைத்தார்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த டீச்சருக்கு அந்த நிலையிலும் ஒன்று தோன்றியது: 'இத்தனை பேர்ல ஆட்சிக்குழுவுக்குத் தேறுற ஆள் ஒருத்தர்கூட இல்லையேங்க.' அதைச் சொல்லிச் சிரிக்க வேண்டிய ஆள் நடுக்கூடத்தில் படுத்திருந்தார்.

அந்தக் கூட்டத்தில் பல் டாக்டரும் இருந்தாள். சரியாக நாலு மணிக்கு வந்து, வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்து விஷயம் புரிந்து, உள்ளே வந்து ஓரமாக நின்றாள். அவளும் அந்த டீயை முழுக்கக் குடித்தாள்.

இந்த டீ விவகாரத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லவேண்டும். பல்கலைக்கழக ஆட்சிக்குழுவில் இடம் காலியானால், புது ஆளைத் தேடிப் பிடிப்பது மூன்று பேர் கொண்ட தேர்வுக்குழு. அதில் ஆட்சிக்குழு உறுப்பினரான வக்கீல் ஒருவர், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், மூன்றாவது பதிவாளர். முன்பெல்லாம் அலுவலகத்திலேயே வைத்துத்தான் பேசினார்கள். அங்கே வந்தவர்கள் எல்லோரும் உத்தமர்களாகவே தெரிந்தார்கள். குழுவில் சேர்ந்த பிறகுதான், துணைவேந்தர் நிமிர்ந்தால் நிமிர்ந்து குனிந்தால் குனிகிற தலையாட்டிப் பொம்மைகள் என்று தெரியவந்தது. ஒரு நாள் டீச்சர் ஏதோ நினைப்பில், வீட்டுக்கு வந்த ஒருவருக்குச் சர்க்கரை போடாமல் டீ கொடுத்துவிட்டாள். அவர் குடித்துவிட்டு, "பிரமாதம்" என்றார். வக்கீலுக்கு அன்றைக்குப் பிடித்தது யோசனை.

"சர்க்கரை இல்லைன்னு சொல்ல வாய் வராதவன், நாளைக்குக் கணக்குல ஓட்டை இருந்தா எங்கே சொல்லப் போறான்? இனிமே நேர்காணல் எல்லாம் நம்ம வீட்டுலதான்."

அப்படியே ஆனது. பெரிய பெரிய ஆட்களெல்லாம் அந்தக் கூடத்தில் கவிழ்ந்திருக்கிறார்கள். ஒரு வங்கி அதிகாரி, "உடம்புக்கு ரொம்ப நல்லதுங்க" என்றார். ஒரு பேராசிரியர் இன்னொரு கப் கேட்டு வாங்கிக் குடித்தார். ஓய்வுபெற்ற ஒரு போலீஸ்காரர் மட்டும் ஒரு வாய் குடித்ததும் கப்பை வைத்து, "மறந்துட்டீங்களா, இல்லை சர்க்கரை விலை ஏறிப்போச்சா?" என்று கேட்டார். அங்கேயே அவரை எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் வக்கீலோடு மல்லுக்கு நின்றார். வக்கீல் வீட்டுக்கு வந்து அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு, "நல்ல தேர்வு, நல்ல தேர்வு" என்று கையைத் தேய்த்துக்கொள்வார்.

யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்பதால் தேர்வுக்குழுவினருக்கும் சர்க்கரை கிடையாது. நீதிபதியும் பதிவாளரும் முகத்தைச் சுளிக்காமல் விழுங்கப் பழகியிருந்தார்கள். ஆனால் வக்கீலுக்கு மட்டும் தனிக் கப். மண்நிறத்தில், தடித்த பிடி வைத்தது, மற்றதைவிடப் பெரியது. அதில் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, நன்றாகக் கலக்கி. "பரீட்சை அவங்களுக்குத்தானே, நான் எதுக்கு எழுதணும்?" என்பார். புருஷன் பெண்டாட்டி இருவருக்கு மட்டுமே தெரிந்த திருட்டுத்தனம் அது.

அவர் போனதும் ஆட்சிக்குழு இரண்டு பாதியாக நின்றது. மாலை நேர வகுப்புகளை மூடிவிட்டு, அந்தக் கட்டடத்தை இடித்து அடுக்குமாடிக் கார் நிறுத்தம் கட்டவேண்டும் என்று துணைவேந்தருக்கு ஆசை. வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் சரிபாதி. தவணை முடியப்போகிறதென்று வக்கீலே ஆள் தேடிக்கொண்டிருந்த அவருடைய காலி நாற்காலியில் யார் வந்து உட்காருகிறாரோ, அவர் கை தூக்குகிற பக்கம்தான் முடிவு.

டீச்சர் பட்டம் வாங்கியது அந்த மாலை வகுப்பில்தான், கல்யாணத்துக்குப் பிறகு. பகலில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் பெஞ்சிலேயே தூங்கிவிழுவார்கள். வாத்தியாரும் சமயத்தில் தூங்குவார். வகுப்பு விட்டு வரும்போது வாசல் விளக்குக்குக் கீழே ஸ்கூட்டரோடு வக்கீல் நிற்பார். "இன்னிக்கு என்ன தெரிஞ்சுக்கிட்டே, எனக்கும் கொஞ்சம் சொல்லு" என்பார். அந்த விளக்கு இருக்குமா, அணையுமா என்பதுதான் இப்போது கேள்வி. டீச்சருக்கு ஆட்சிக்குழுவில் ஓட்டும் கிடையாது, பேச்சும் கிடையாது. கையில் இருந்தது ஒரு டீத்தட்டு.

ஒரு காலையில் பதிவாளர் போன் செய்தார்.

"அம்மா, உங்களைச் சிரமப்படுத்தறேன். நேர்காணலை அலுவலகத்துலயே வெச்சுக்கலாம்னு பார்த்தேன். நீதிபதி ஐயா ஒத்துக்க மாட்டேங்கிறார். உங்க கூடத்து சோபாவை விட்டா வேற எதுலயும் அவருக்கு முதுகு ஒத்துவராதாம்."

"தாராளமா வாங்க. யார் யார் வர்றாங்க?"

"அன்னிக்கு வர்றதா இருந்த பல் டாக்டர் ஒண்ணு. அப்புறம் நம்ம கட்டட கான்ட்ராக்டர்." பதிவாளரின் குரல் குழைந்தது. "தங்கமான மனுஷர்மா. மனசுல பட்டதைப் பட்டுனு சொல்லிடுவார்."

கார் நிறுத்தத்தை யார் கட்டப்போகிறார் என்று டீச்சர் கேட்கவில்லை. கேட்காமலேயே விளங்கியது.

அன்று மாலை நீதிபதி முதலில் வந்து சோபாவில் அமர்ந்தார். அமர்ந்த கையோடு கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் பல் டாக்டர், கடைசியாகப் பதிவாளரும் கான்ட்ராக்டரும் ஒரே காரில். கான்ட்ராக்டர் ஆள் வாட்டசாட்டம், சிரித்த முகம். கூடத்தை ஒரு சுற்று அளந்துவிட்டு, நேரே போய் வக்கீலின் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். டீச்சர் அதை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போனாள்.

டீ கொதித்தது. கூடத்திலிருந்து குரல்கள் வந்தன. வடிகட்டினாள், ஊற்றினாள், கலக்கினாள், தட்டில் அடுக்கினாள். மனம் எங்கோ இருந்தது, கை அதன் வேலையைச் செய்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து, நீதிபதிக்கு, பதிவாளருக்கு, டாக்டருக்கு என்று நீட்டினாள். கான்ட்ராக்டரிடம் வந்தபோதுதான் பார்த்தாள், தட்டில் இன்னும் இரண்டு கப் இருந்தன. நாலு பேருக்கு ஐந்து கப். ஐந்தாவது மண்நிறம்.

"பெரிய ஆளுக்குப் பெரிய கப்பு!" என்று சிரித்துக்கொண்டே கான்ட்ராக்டர் அதை எடுத்துவிட்டார்.

பிடுங்கவா முடியும்? டீச்சர் காலித் தட்டைப்போல் நின்றாள்.

கான்ட்ராக்டர் கப்பை உதட்டில் வைத்தார். வைத்த மாத்திரத்தில் எடுத்தார். முகத்தைக் கோணலாக்கி, ஒருமுறை பதிவாளரைப் பார்த்துவிட்டு, மேடையில் பேசுகிறவர்போல் ஆரம்பித்தார்.

"அம்மா, மன்னிக்கணும். பெரிய வீடு, பெரிய மனுஷங்க. ஆனா மனசுல பட்டதைச் சொல்லாம என்னால இருக்க முடியாது. இந்த டீயில துளிகூட சர்க்கரை இல்லை!"

பதிவாளர் தொடையில் தட்டினார். "பார்த்தீங்களா ஐயா! என்ன துணிச்சல்! இப்படிப்பட்ட ஆள்தான் நமக்கு வேணும்!"

நீதிபதி கண்ணைத் திறந்தார். "ம்... சொல்லிட்டாரே" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

அந்தக் கூடத்தில் டீச்சர் இத்தனை வருடங்களில் தட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறாளே தவிர, ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் வக்கீலின் திருட்டுத்தனம் வெளியே வந்துவிடும். செத்தவரைக் காட்டிக்கொடுப்பதா? பேசாவிட்டால் அந்த விளக்கு அணைந்துவிடும். ஸ்கூட்டரோடு நின்ற ஆள்கூட விளக்கின் பக்கம்தான் நிற்பார் என்று தோன்றியது.

"உங்க கப்புல சர்க்கரை இருக்குங்க" என்றாள்.

"இல்லைம்மா. சுத்தமா இல்லை" என்றார் கான்ட்ராக்டர், அடித்துச் சொல்லும் குரலில்.

"ரெண்டு ஸ்பூன் போட்டேன். கலக்கியும் விட்டேன்."

கான்ட்ராக்டர் இந்தத் தடவை நிஜமாகவே ஒரு வாய் குடித்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இங்கே கொண்டா அதை" என்றார் நீதிபதி. தட்டிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்து, கப்பில் விட்டு, நாக்கில் வைத்தார். பிறகு இன்னொரு ஸ்பூன். "இது டீ இல்லைய்யா, பாகு!" என்றார். தூக்கம் முழுக்கக் கலைந்திருந்தது. மெதுவாகப் பதிவாளர் பக்கம் திரும்பினார். "ஏன்யா பதிவாளரே, சாட்சிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து கூட்டிட்டு வந்தது யாரு?"

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அதை அப்புறம் விசாரிக்கிறேன்" என்ற நீதிபதி டீச்சரிடம் திரும்பினார். "தங்கச்சி, இது அவன் கப்புதானே?"

"ஆமாண்ணா. கைப்பழக்கத்துல போட்டுட்டேன்."

"கைப்பழக்கம்னா... எப்பவுமே ரெண்டு ஸ்பூனா?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடப்பாவி!" நீதிபதி கூரையைப் பார்த்துக் கத்தினார். "பல்கலைக்கழகத்துக்காகன்னு சொல்லிச் சொல்லி எனக்குக் கஷாயம் ஊத்திட்டு, நீ பக்கத்துல உட்கார்ந்து பாகு குடிச்சியா? இதுக்கு நான் எந்தக் கோர்ட்டுக்குய்யா போவேன்?" கத்தி முடித்தபோது அவர் கண் நிறைந்திருந்தது.

"எனக்கு ஒண்ணும் புரியலை" என்றாள் பல் டாக்டர். "எனக்கு மட்டும் ஏன் சர்க்கரை இல்லை? தொழில் முறையில எனக்கு சந்தோஷம்தான். ஆனா குடிக்க முடியலைம்மா. ஒரு ஸ்பூன் போடறீங்களா?"

பதிவாளருக்கு உயிர் வந்தது. "ஐயா, அன்னிக்கு... அந்தத் துக்கத்தன்னிக்கு இவங்க இதே டீயை ஒரு வார்த்தை பேசாம குடிச்சாங்க! நான் பக்கத்துலயே நின்னேன். இப்ப மட்டும் என்ன?"

டீச்சருக்கும் அது ஞாபகத்தில் இருந்தது. "ஆமா டாக்டர்" என்றாள். "அன்னிக்கு ஏன் சொல்லலை?"

பல் டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கு இந்த வீட்டுல யாரைப் பார்த்தும்மா சர்க்கரை கேட்கிறது?"

நீதிபதி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இந்தப் பொண்ணுதான்" என்றார். பதிவாளரைப் பார்த்து, "ஏதாவது ஆட்சேபணை?" என்று கேட்டார். பதிவாளருக்கு இல்லை. அந்தச் சமயத்தில் அவருக்கு இருந்தது ஒன்றே, சீக்கிரம் கிளம்பவேண்டும்.

கான்ட்ராக்டர் மட்டும் அவசரப்படவில்லை. மண்நிறக் கப்பைத் திரும்ப வாங்கி, மிச்சத்தையும் குடித்து முடித்தார். "நான் பொய் சொன்னது சொன்னதுதான்மா. ஆனா டீ முதல் தரம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அவர்மேல் டீச்சருக்குக் கோபமே வரவில்லை. பிரம்பு நாற்காலியை மட்டும் ஒரு தட்டு தட்டிச் சரியாக வைத்தாள்.

அடுத்த கூட்டத்தில் பல் டாக்டர் கை தூக்கினாள். ஒரு ஓட்டு வித்தியாசத்தில் மாலை வகுப்பு தப்பித்தது. அதே கூட்டத்தில் நாற்காலி சரியில்லை, கணக்கில் ஒரு பக்கத்தைக் காணோம், துணைவேந்தரின் ஈறு வீங்கியிருக்கிறது, உடனே கவனிக்கவேண்டும் என்றும் சொன்னாளாம். நீதிபதி போன் செய்து இதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டு, "நல்ல தேர்வு தங்கச்சி, நல்ல தேர்வு" என்றார். கூடவே, இனி தன்னுடைய டீ மண்நிறக் கப்பில்தான் வரவேண்டும் என்றும் உத்தரவு போட்டார்.

"அது மட்டும் முடியாதுண்ணா" என்றாள் டீச்சர். "வேணும்னா சர்க்கரை போட்டுத் தர்றேன்."

செய்தியை நேரில் சொல்ல பல் டாக்டரும் வந்திருந்தாள். ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பும்போது, வாசல் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். பலகையைப் பார்த்தாள். தள்ளுகட்டை பக்கம் அவள் விரல் போனது.

"நீங்க வீட்டுலதானேம்மா இருக்கீங்க. இதைத் தள்ளி வெக்கட்டுமா?"

"வேண்டாம் டாக்டர்" என்றாள் டீச்சர். "அது அவரோடது."

பலகையில் இன்றைக்கும் 'வெளியே' என்றுதான் இருக்கிறது.